மொரீஷியஸிலிருந்து இந்தியாவுக்கு: சிவில் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி?

மதிப்பெண் போதாமல் தள்ளுபடியாகும் விண்ணப்பங்கள் உண்டு. படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காமல் ஓரமாகக் கிடக்கும் விண்ணப்பங்களும் உண்டு. இரண்டாவது கதி உங்களுக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம். சென்னையிலோ திருச்சியிலோ உங்கள் விண்ணப்பக் கட்டைப் பிரிக்கும் பேராசிரியருக்கு ரெதுயியின், அதாவது அங்குள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தின், மதிப்பெண் முறை தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் 70-ஐத் தொட்டால் முதல் வகுப்பு. 60-லிருந்து 70-க்குள் என்றால் இரண்டாம் வகுப்பு, முதல் பிரிவு. இந்தியாவில் 60 சதவீதம் என்பது பல இடங்களில் விண்ணப்பிப்பதற்கே வேண்டிய குறைந்தபட்சம். 63 வாங்கியதற்கு இங்கே வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள். அங்கே அதே 63 வாசற்படியில் நிற்கிறது. இதில் இன்னொரு வினையும் நம்மவர்களே செய்துகொள்வார்கள்: படிவத்தில் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், 63-ஐப் பத்தால் வகுத்து 6.3 என்று போட்டுவிடுவார்கள். செய்யாதீர்கள். சதவீதம் என்ற தெரிவு இருந்தால் மதிப்பெண் பட்டியலில் உள்ள எண்ணை அப்படியே கொடுங்கள். எந்த எல்லைக்கு எந்த வகுப்பு என்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் வாங்கி, மதிப்பெண் பட்டியலோடு ஒரே பி.டி.எஃப்.பாகச் சேருங்கள். தனிக் கோப்பாக ஏற்றினால் அதைத் திறக்காமலே போகலாம்.

பட்டம் எத்தனை ஆண்டு என்பதையும் பாருங்கள். இந்தியாவில் பொறியியல் இளநிலைப் படிப்பு நான்கு ஆண்டு. ரெதுயியின் பி.எங். ஆனர்ஸ் என்ற பொறியியல் இளநிலைப் பட்டமும் நான்கு ஆண்டுதான், சிக்கல் இல்லை. பிரிட்டனில் மூன்றே ஆண்டில் பி.எங். முடித்தவர்கள், கட்டணம் கட்டுமுன் கல்லூரிக்கு எழுதி, ஏற்பார்களா என்று பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் எச்.எஸ்.சி. என்ற மேல்நிலைப் பள்ளித் தேர்வு பதின்மூன்றாம் ஆண்டில் முடிகிறது என்பதையும் அந்தக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஐ.சி.சி.ஆர். என்ற இந்திய அரசின் கலாசார உறவுகள் மன்றம் தரும் உதவித்தொகை. அதன் இணையதளத்தில் ஐந்து கல்வி நிறுவனங்கள் வரை வரிசைப்படுத்தலாம். 500 சொல்லில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றும் கேட்பார்கள். நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏற்கும் அல்லது மறுக்கும். அதற்குப் பிறகே தூதரகம் முடிவு செய்யும். ஐந்து இடத்தையும் பெரிய பெயர்களால் நிரப்பாதீர்கள். சேர்ந்த பிறகு கல்லூரியோ பாடமோ மாற்ற முடியாது என்பதால், போக மனமில்லாத இடத்தையும் எழுதாதீர்கள். மற்றது நேரடி விண்ணப்பம், வெளிநாட்டவர் பிரிவில். ஐ.ஐ.டி.களில் சில, இந்தியாவின் பொறியியல் முதுநிலை நுழைவுத் தேர்வான 'கேட்' அல்லது அமெரிக்கத் தேர்வான ஜி.ஆர்.இ. மதிப்பெண் கேட்கும். கேட் தேர்வு ஆண்டுக்கு ஒரே முறை, பிப்ரவரியில். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். ஜி.ஆர்.இ. ஐந்தாண்டு செல்லும் என்பதால் நமக்கு அதுவே வசதி.

ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான) அட்டை வைத்திருப்பவர்கள், தங்களை எந்தப் பிரிவில், என்ன கட்டணத்தில் சேர்ப்பார்கள் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது செல்லாது.

பட்டப் பெயர்களில் குழம்ப வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.இ., திருச்சி என்.ஐ.டி.யில் எம்.டெக்.; இரண்டும் இரண்டாண்டுப் படிப்பு, ஒரே மதிப்பு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் எம்.எஸ். என்பது ஆராய்ச்சிப் பட்டம். வகுப்புகள் குறைவு, ஆய்வேடுதான் பிரதானம். எங்கே போனாலும் பாடம் ஆங்கிலத்தில்தான். தமிழ்நாடு என்பதால் தமிழில் நடத்துவார்கள் என்று எண்ண வேண்டாம்.

எந்தப் பிரிவு? கட்டமைப்புப் பொறியியல் எடுத்தால் ஐ.எஸ். 456, ஐ.எஸ். 1893 என்று இந்திய விதிநூல்களில் ஊறிவிடுவீர்கள். இங்கே திரும்பினால் யூரோகோட் என்ற ஐரோப்பிய விதிநூல்தான். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சில மாதம் பிடிக்கும். மண்ணியல், நீர்வளம், கடலோரப் பொறியியல் இவற்றில் கற்றது பெரும்பாலும் அப்படியே கைகொடுக்கும். தக்காணத்திலும் பசால்ட் என்ற எரிமலைப் பாறை, இங்கேயும் அதே பசால்ட்.

நோக்க அறிக்கையில் "சிறுவயது முதலே பாலங்கள் பிடிக்கும்" என்று தொடங்காதீர்கள். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் வெள்ளம் வந்து 11 பேர் இறந்தார்களே, நகர வடிகாலில் நீங்கள் கேட்க விரும்பும் கேள்வி அங்கிருந்து பிறக்கலாம். 2015-இல் தேர் ரூஜ் – வெர்தன் சாலை பிளந்ததே, கரைச் சரிவின் நிலைத்தன்மைக்கு அது போதும். ஒரு கேள்வி, அதற்கு வேண்டிய இரண்டு பாடம், அங்கே அதை நடத்தும் துறை: இவ்வளவு வந்தால் ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

நம்மூரில் பெயர் தனித் தலைவலி. 'முத்து' என்பதைத் தாத்தாவின் பத்திரத்தில் இரட்டை 'ஓ' போட்டு எழுதியிருப்பார்கள். பேரன் பத்திரத்தில் பிரெஞ்சு முறையில் 'ஓ', 'யு' வந்திருக்கும். இந்தியப் படிவம் தந்தை பெயரையும் கேட்கும். உங்கள் பிறப்புப் பத்திரத்திலும் அப்பாவின் பாஸ்போர்ட்டிலும் எழுத்து வேறாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடுதாசி எடுத்துவிடுங்கள். உங்கள் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஓர் எழுத்தும் மாறாமல் எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள்.

மொரீஷியஸும் இந்தியாவும் அப்போஸ்தில் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகள்; ஒரு நாட்டின் ஆவணம் உண்மையானது என்று இன்னொரு நாடு ஏற்கும் முத்திரைதான் அப்போஸ்தில். பட்டத்துக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் இங்கேயே அப்போஸ்தில் வாங்கிவிட்டால் தூதரகத்தில் மறுபடி முத்திரை தேவைப்படாது. அசலில் லாமினேட் போட்டிருந்தால் முத்திரை ஒட்டாது. அதைப் பிளாஸ்டிக்கில் அடைக்காதீர்கள்.

மாணவர் விசா கிடைத்து இறங்கியதும், 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில் பதிய வேண்டும். அதற்குக் நீங்கள் அங்கே படிக்கிறீர்கள் என்று கல்லூரி தரும் போனபைட் சான்றும், விடுதி உங்களுக்காகப் பதியும் தங்குமிடப் படிவமும் வேண்டும். சேர்ந்த அன்றே இரண்டையும் கேளுங்கள். சேர்க்கைக் கூட்டத்தில் அந்த மேசையில்தான் வரிசை நீளம்.