லீவு முடிந்து மலைக்குத் திரும்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் பேரணாம்பட்டில் எங்கள் மைதானத்தில் காலை ஓட்டம் முடிந்து பிள்ளைகள் இளைப்பாறிக் கொண்டிருந்தபோது, லடாக்கிலிருந்து லீவில் வந்திருந்த ஓர் இளைஞன், ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் தம்பிகளிடம், "ரெண்டாவது தடவை போறப்ப ரெஸ்ட் எல்லாம் பேருக்குத்தான், நமக்கு மலை பழகிடும்" என்று சொல்லிக் கொண்டிருந்தான். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இதே வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு இன்னொருவர் கொடுத்த விலையை நான் கண்ணால் பார்த்ததால், அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

காலாட்படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன் நான். இந்த வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போலப் பட்டாளத்தாலேயே பெயர் பெற்ற கிராமங்கள் உண்டு. ஆந்திர எல்லையோரத்துத் தெருக்களிலும் சீருடையில் எடுத்த படம் மாட்டிய வீடுகள் நிறைய இருக்கின்றன. துப்பாக்கி முனையை ஆள்மேல் திருப்பக்கூடாது, காவல் நேரத்தில் உறங்கக்கூடாது என்பவற்றையெல்லாம் பயிற்சி மையத்திலேயே போதும் என்னும் அளவுக்குச் சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிட்டு, பயிற்சி முடிந்து சில ஆண்டுகள் கழித்து, தனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்த பிறகு செய்கிற தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

எதிரியை மட்டும் ஆபத்தாக எண்ணுவது

சியாச்சினில் 1984 ஏப்ரல் முதல் நம் படை நிற்கிறது. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்த பிறகும் அங்கே உயிரிழப்பு நிற்கவில்லை, ஏனென்றால் அங்கே குண்டுகளைவிடக் குளிரும் உயரமும் பனிச்சரிவுமே அதிகம் பேரைக் கொண்டுபோயிருக்கின்றன. 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த ஒரு காவல் நிலை பனிச்சரிவில் புதைந்தபோது, 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் மாவட்டத்துக்காரர். அது எவருடைய பிழையாலும் நேர்ந்ததில்லை. நம் கையில் இல்லாத ஆபத்தே அத்தனை இருக்கும் இடத்தில், கையில் இருப்பதையும் அலட்சியத்தால் கூட்டிக்கொள்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"எனக்கு மலை பழகிவிட்டது" என்று நம்புவது

இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

லே நகரம் ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்; 18,000 அடியில் அது பாதியாகிவிடும். இந்தக் குறைவுக்கு உடல் தன்னை மாற்றிக்கொள்ள நாள் பிடிக்கும் என்பதால்தான், படையில் அக்ளமடைசேஷன் என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். 9,000 அடிக்கு மேல் 12,000 அடி வரை ஆறு நாள், அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. அடுத்து 15,000 அடி வரை நான்கு நாள். அதற்கும் மேலே மற்றொரு நான்கு நாள். மொத்தம் பதினான்கு நாள். 1962 போரில் சமவெளியிலிருந்து அவசரமாக மேலே ஏற்றப்பட்ட வீரர்கள் நுரையீரலில் நீர் கோத்துச் சாய்ந்ததைக் கண்ட பிறகே நம் ராணுவ மருத்துவர்கள் இதை ஆழமாக ஆராய்ந்தார்கள். மலைநோய் கண்ட 1,925 இந்திய வீரர்களைப் பற்றி இந்தர் சிங்கும் உடன் பணியாற்றியவர்களும் 1969-இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

முதல் முறை போகிறவன் பயத்தாலேயே இந்த அட்டவணையைக் கடைப்பிடிப்பான். லீவில் வந்து திரும்புகிறவன்தான் தவறு செய்கிறான். மேலே இருந்தபோது உடல் சம்பாதித்த பழக்கத்தை, கீழே ஊரில் இருக்கும் வாரங்களில் அது மெல்ல மெல்ல இழந்துவிடுகிறது. நான்கு வாரங்களுக்கு மேல் கீழே இருந்தவன் மீண்டும் முதல் நாளிலிருந்து முழு அட்டவணையையும் தொடங்க வேண்டும் என்று விதி இருப்பது இதனால்தான். மனம் மலையை நினைவில் வைத்திருந்தாலும் நுரையீரல் வைத்திருப்பதில்லை. காட்பாடியில் நாற்பது டிகிரி வெயிலில் ரயில் ஏறி, சண்டிகரில் விமானம் பிடித்து ஒரு மணி நேரத்தில் லேயில் இறங்குகிறவனுக்கு, சாலை வழியாகப் பல நாள் ஏறிப் போனவனுக்குக் கிடைத்த அவகாசம்கூட இல்லை.

நான் தங்கையின் திருமணத்துக்காக லீவில் வந்து, ஐந்து வாரம் கழித்துத் திரும்பினேன். கல்யாண வீட்டு அலைச்சலில் பிடித்த சளி மார்பில் இருந்தது. லே முகாமில் காலைதோறும் மருத்துவ உதவியாளர் வந்து, தலைவலி உண்டா, தூக்கம் வந்ததா, இருமல் உண்டா என்று கேட்பார். ஆறு நாளும் "ஒன்றுமில்லை" என்றே சொன்னேன். மேலே ஆள் குறைவு என்று கேள்விப்பட்டிருந்தேன். நோய் என்று சொன்னால் உடன் இருப்பவர்கள் கோழை என்று நினைப்பார்கள் என்ற வெட்கமும் இருந்தது. ஓய்வு நாளில் வண்டியிலிருந்து மண்ணெண்ணெய்க் கேன்களை இறக்கினேன், மாலையில் வாலிபால் ஆடினேன். உடல் வலுவானவனை மலை ஒன்றும் செய்யாது என்று உண்மையாகவே நம்பினேன். அந்த நம்பிக்கை முழுத் தவறு. தேகக் கட்டு இந்த நோயைத் தடுப்பதில்லை. வலுவுள்ளவன் கூடுதலாக உடலை வருத்துவதால் அவனையே இது விரைவில் பிடிக்கவும் செய்யும். கடும் உழைப்பு, குளிர், மார்புச் சளி மூன்றும் ஆபத்தைக் கூட்டுபவை. மூன்றும் என்னிடம் இருந்தன.

மூன்றாம் கட்டத்தில், 15,000 அடிக்கு மேல், இரண்டாம் நாள் இரவு அது வந்தது. பகலிலேயே காலணி நாடாவைக் கட்டக் குனிந்தால் மூச்சு வாங்கியது. களைப்பு என்று எண்ணினேன். இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தேன். மார்புக்குள் கொதிக்கும் உலைபோலச் சத்தம் கேட்டது. இருமியபோது இளஞ்சிவப்பு நுரை வந்ததைப் பக்கத்தில் இருந்தவர் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டார். அதைத்தான் படையில் ஹேப்போ என்கிறோம். ஆக்சிஜன் குறையும்போது நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, அழுத்தம் ஏறி, நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. மருந்தும் ஆக்சிஜனும் நேரம் வாங்கிக் கொடுக்கும். உயிரைக் காப்பது விரைவாகக் கீழே இறக்குவதுதான்.

அன்று இரவு ஹெலிகாப்டர் வர வானிலை இடம் கொடுக்கவில்லை. நான்கு பேர் என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்து இருட்டில், பனியில், ஐந்து மணி நேரம் இறக்கினார்கள். அவர்களில் ஒருவர் புங்கனூர்ப் பக்கத்துத் தெலுங்கர். நான் லீவுக்குப் போகும்போதெல்லாம் காட்பாடி வரை ஒன்றாகப் பயணம் செய்தவர். ஓடையொன்றைக் கடக்கும்போது பனி உடைந்து அவருடைய காலணிக்குள் நீர் புகுந்தது. நிறுத்திக் காலுறை மாற்றினால் நான் பிழைக்க மாட்டேன் என்று அவர் நிற்கவே இல்லை. நான் பதினைந்து நாளில் மருத்துவமனையிலிருந்து எழுந்து வந்தேன். அவருக்குப் பனிக்கடியில் இடதுகாலின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அவர் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. "இருமல் இருக்கிறது" என்று முதல் நாள் லேயில் நான் சொல்லியிருந்தால், என்னை ஒரு வாரம் கீழே நிறுத்தியிருப்பார்கள், அவ்வளவுதான். நோயை மறைப்பது துணிச்சல் என்று பிள்ளைகள் பேசும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். மறைக்கிறவனுடைய உடலோடு அது முடிவதில்லை. மலையில் ஒருவன் விழுந்தால் அவனைத் தூக்க நான்கு பேர் வேண்டும், அந்த நால்வரின் காலும் மூச்சும் அவனுடைய பொய்க்குப் பிணையாகின்றன.

ஆகவே திரும்பும்போது, எத்தனை நாள் கீழே இருந்தீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். சளியோடு வந்தால் முதல் நாளே முகாமின் மருத்துவப் பரிசோதனை அறையான எம்.ஐ. ரூமில் சொல்லுங்கள். முன்பு போனபோது ஏதேனும் தொந்தரவு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரு முறை வந்தவனுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். மலைநோய்க்கென்று யாரோ கொடுத்த டயமாக்ஸ் மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொண்டு ஓய்வு நாளைக் குறைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவன் வழக்கத்தைவிடப் பின்தங்கினாலோ, உணவை ஒதுக்கினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அவன் மறுத்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.

எல்லாத் தலைவலியையும் உயரத்தின்மேல் போடுவது

பதுங்கறையில் எரியும் புகாரி அடுப்பு, காற்றோட்டம் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. அறையில் உள்ள இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், முதலில் கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். படுக்கும் முன் அடுப்பை அணையுங்கள்.

மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நினைப்பது

குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பரில் ஒரு தோட்டா இருக்கக்கூடும். மேகசினைக் கழற்றி, பிறகு காக் செய்து, அதாவது கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து, கண்ணால் பார்த்து, இன்னொருவருக்கும் காட்டுங்கள். இந்த வரிசை மாறி, மேகசின் இருக்கும்போதே காக் செய்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும்.

ஈரக் காலுறை

மாற்றுங்கள். உடனே.

ஊருக்கு வரும் தேதியை ஊருக்கே அறிவிப்பது

2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளை நீக்கும்படி ராணுவம் உத்தரவிட்டது. நீங்கள் நீக்கினாலும் வீட்டில் இருப்பவர்கள் போடுகிறார்கள். எந்த இடம், எப்போது மாற்றம் என்பதை அம்மாவிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

லீவில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது

ஹெல்மெட் போட்டாலும் பத்தலப்பல்லி மலைப்பாதையில் இரவில் போகாதீர்கள். யானையும் வரும், லாரியும் வரும்.

வாரிசுக் காகிதத்தைத் தள்ளிப்போடுவது

இது எங்கள் எல்லைப் பக்கத்துக்கு மிகவும் பொருந்தும் தவறு. திருமணமானதும் அதை, வீரரின் குடும்ப விவரங்களைப் படை அதிகாரபூர்வமாகப் பதியும் பார்ட் டூ ஆர்டரில் பதிய வேண்டும், குழந்தை பிறந்தால் அதையும் பதிய வேண்டும். அதன் பிறகு காப்பீட்டுக்கும் சேமநிதிக்கும் யார் நாமினி என்பதைத் திருத்த வேண்டும். இவை தனித்தனி வேலைகள். ஒன்றைச் செய்தால் மற்றொன்று தானாக மாறாது. பலமனேர், குப்பம் பக்கத்தில் பெண் எடுக்கும் வீடுகளில், பெண்ணின் ஒரு சான்றிதழில் தெலுங்கு வழக்கப்படி வீட்டுப்பெயர் முன்னால் இருக்கும், இன்னொன்றில் தமிழ் வழக்கப்படி அப்பாவின் முதலெழுத்து மட்டும் இருக்கும். இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்று நிரூபிக்க ஓர் இளம் விதவை வேலூருக்கும் சித்தூருக்கும் ஓராண்டுக்கு மேல் அலைந்ததை நான் உடன் சென்று பார்த்திருக்கிறேன். அக்னிவீரர்களுக்கு 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. ஆனால் வழக்கமான குடும்ப ஓய்வூதியம் அவர்களுக்கு இல்லாததால், அந்தப் படிவத்தில் இருக்கும் பெயர் இன்னும் முக்கியமாகிறது. லீவில் வரும்போதே ஆதார், திருமணச் சான்று, வங்கிக் கணக்கு மூன்றிலும் மனைவியின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்திக்கொண்டு போங்கள்.

மைதானத்தில் பேசிய அந்த இளைஞன் அடுத்த வாரம் காட்பாடியில் ரயில் ஏறுகிறான். அவனுக்கு இப்போது லேசான சளி இருக்கிறது. லேயில் இறங்கியதும் முதல் வேலையாக அதை டாக்டரிடம் சொல்கிறேன் என்று என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான். இரண்டாம் நாள் நான் அவனைக் கூப்பிட்டுக் கேட்பேன்.