தருக்கம் படிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

கணக்கும் கணினி அறிவியலும் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலங்களில் நவீன தருக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை என்று பல ஊர்ப் பிள்ளைகள். பாதிக்கு மேல் கடலை நம்பி இருக்கிற வீடுகள். குறியீடுகளைப் பார்த்துப் பயந்துதான் வருகிறார்கள். ஆனால் மதிப்பெண் போவது குறியீட்டில் இல்லை. வாக்கியத்தைக் குறியீடாக மாற்றுகிற அந்த ஒரு நொடியில் போகிறது.

"டோக்கன் இருந்தால்தான் விசைப்படகு கடலுக்குப் போகும்" என்று ஒரு வாக்கியம் கொடுத்திருந்தேன். இங்கே மீன்வளத் துறையில் அனுமதி டோக்கன் வாங்கிய பிறகுதான் விசைப்படகுகள் கிளம்ப வேண்டும். பாம்பனிலிருந்து வரும் ஒரு மாணவி இடப்பக்கம் 'டோக்கன்' என்று எழுதி, அம்புக்குறி போட்டு, வலப்பக்கம் 'கடல்' என்று முடித்திருந்தாள். அம்பின் வால்பக்கம் இருப்பது மெய்யானால் தலைப்பக்கம் இருப்பதும் மெய் என்று அர்த்தம்.

"ஏம்மா, டோக்கன் வாங்கியும் அப்பா கடலுக்குப் போகாத நாள் உண்டா?"

"எத்தனையோ நாள் இருக்கு சார். காத்து தூக்கிடுச்சுன்னா போக மாட்டாங்க."

"டோக்கன் இல்லாம போன நாள்?"

"அப்படிப் போகக் கூடாதே சார்."

சொல்லிவிட்டு நோட்டைப் பார்த்தாள். அவளே ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, அம்பைக் கடலிலிருந்து டோக்கனுக்குத் திருப்பினாள்.

எல்லாரும் செய்கிற தவறு இது. 'இருந்தால்' வேறு, 'இருந்தால்தான்' வேறு. 'தான்' வந்து ஒட்டியதும் அம்பு திரும்பிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் இது 'இஃப்' என்றும் 'ஒன்லி இஃப்' என்றும் இருக்கும். பிள்ளைகள் 'இஃப்' கண்ணில் பட்டதும், அதையொட்டி வருவதை அம்பின் வால்பக்கம் வைத்துவிடுகிறார்கள். தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் காதே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: "பாஸானால்தான் போன் வாங்கித் தருவேன்" என்று அம்மா சொன்னால், பாஸானால் போன் நிச்சயம் என்றும் நாம் எடுத்துக்கொள்கிறோம். அது வீட்டுப் புரிதல். தருக்கத்தில் சொன்னது மட்டும்தான் கணக்கு. போன் வந்திருந்தால் பாஸாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சோதிக்க ஒரு புதிர் வைத்திருக்கிறேன். நான்கு படகுகள். முதல் படகு கடலில் இருக்கிறது, இரண்டாவது கரையில் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் டோக்கன் உண்டா என்று தெரியாது. மூன்றாவதற்கு டோக்கன் உண்டு, நான்காவதற்கு இல்லை. இந்த இரண்டும் எங்கே இருக்கின்றன என்று தெரியாது. விதி மீறப்பட்டதா என்று அறிய எந்தப் படகுகளைப் பார்க்க வேண்டும்? முதலாவதும் நான்காவதும். எங்கள் பிள்ளைகள் யோசிக்காமலே சொல்லிவிடுகிறார்கள். அதே கேள்வியை எழுத்தும் எண்ணும் போட்ட அட்டைகளாக மாற்றினால் தடுமாறுகிறார்கள். 1966-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் அட்டைகளை வைத்து இந்தப் புதிரைப் போட்டபோதும் பெரும்பாலோர் தவறான அட்டையைத்தான் புரட்டினார்கள். 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் அதையே பீர் குடிக்கும் வயது வரம்பாக மாற்றிக் கேட்டபோது பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். ஆகவே அம்பு எந்தப் பக்கம் என்று குழம்பினால், உங்களுக்குப் பழக்கமான ஒரு விதியை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். விடை தெளிந்ததும் குறியீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

அடுத்தது, 'எனில்' என்ற அந்த அம்புக்கான மெய் அட்டவணையை, அதாவது இரண்டு பகுதியும் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கிற நான்கு நிலைகளையும் வரிவரியாகக் காட்டும் அட்டவணையை, மனப்பாடம் செய்வது. முன்பகுதி பொய்யானால் முழுக்கூற்றும் மெய் என்பதை ஒரு மந்திரம்போல ஒப்பிக்கிறார்கள்; ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. "மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினால் அன்றைக்கு டோக்கன் கிடையாது" என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம். இந்த விதி உடைந்தது என்று எந்த நாளில் சொல்லலாம்? கூண்டும் ஏறி, டோக்கனும் கொடுத்த நாளில் மட்டும்தான். கூண்டே ஏறாத நாளில் டோக்கன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் விதிக்கு ஒரு கேடும் இல்லை. நான்கு வரியில் ஒன்று மட்டும் பொய்யாவது இதனால்தான். கூண்டுக்கும் டோக்கனுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டா என்று இந்த அம்பு கேட்பதே இல்லை. அதைத் தேடுகிறவர்கள்தான் கடைசிவரை குழம்புகிறார்கள்.

'எல்லாம்' என்ற சொல்லிலும் இதே சங்கதி உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தடையை யாரும் மீறவில்லை என்றால், "மே 10 அன்று கடலுக்குப் போன விசைப்படகு எல்லாம் வலை கிழிந்து திரும்பின" என்பது மெய்யா பொய்யா? நவீன தருக்கத்தில் மெய். "எல்லாம் வலை கிழியாமல் திரும்பின" என்பதும் மெய். இரண்டும் எப்படி மெய்யாகும் என்று வகுப்பே எழுந்து நிற்கும். பொய் என்றால், வலை கிழியாமல் திரும்பிய ஒரு படகையாவது காட்ட வேண்டும். காட்டப் படகே இல்லை. அரிஸ்டாட்டில் வழிவந்த பழைய தருக்கத்தில் 'எல்லாம்' என்றால் ஒன்றாவது இருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். 1879-இல் ஜெர்மன் கணிதவியலாளர் ஃபிரெகே அமைத்த முறை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. பழைய நூல் ஒன்றையும் புதிய பாடத்தையும் சேர்த்து வைத்துப் படிக்கிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளாவிட்டால் இரண்டையும் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்.

'எல்லாம்' என்பதை மறுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பாம்பன் தெற்குவாடிக் கரையில் நின்றுகொண்டு "எல்லாப் போட்டும் வரலை" என்று ஒருவர் சொன்னால், ஒன்றுகூட வரவில்லை என்றும் கொள்ளலாம், சில வரவில்லை என்றும் கொள்ளலாம். கரையில் நிற்பவருக்குக் கண்முன்னே தெரிகிறது, தேர்வுத்தாளில் தெரியாது. அதனால் குறியீடு போடும் முன் "ஒரு போட்டும் வரவில்லை" அல்லது "வராத போட் ஒன்றாவது இருக்கிறது" என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். "எல்லாம் வந்தன" என்பதன் மறுப்பு இரண்டாவதுதான். சொற்களின் வரிசையிலும் இதே கவனம் வேண்டும்: "ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு டிரைவர் உண்டு" என்பதைக் குறியீடாக்கும்போது 'ஒவ்வொரு', 'ஒரு' இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால், ஒரே டிரைவர் எல்லாப் போட்டையும் ஓட்டுகிறார் என்று ஆகிவிடும்.

சரி, முடிவு மெய்யாக இருந்தால் வாதமும் சரி என்று நினைப்பது பற்றி. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். இதை வைத்து ஒரு வாதம்: கப்பல் கடக்கும்போது பாலம் மேலே இருக்கும். இப்போது மேலே இருக்கிறது. ஆகவே கப்பல் கடக்கிறது. எட்டிப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு கப்பல் போய்க்கொண்டிருக்கலாம். அப்போதும் இந்த வாதம் செல்லாது. பராமரிப்புக்காகத் தூக்கியிருந்தாலும் முதல் இரண்டு கூற்றும் மெய்யாகவே இருக்கும், முடிவு மட்டும் பொய்யாகும். ஆதாரக் கூற்றுகள் மெய்யாகவும் முடிவு பொய்யாகவும் இருக்கிற ஒரு சூழலையாவது கற்பனை செய்ய முடியுமா என்று தேடுங்கள். கிடைத்தால் வாதம் செல்லாது. முடிவைப் பார்த்து வாதத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் மெய் அட்டவணையிலேயே முடித்துவிடலாம் என்ற நினைப்பும் உண்டு. ஐந்து கூற்றுக்கு 32 வரி, பத்துக்கு 1024 வரி. 'எல்லாம்', 'சில' வந்துவிட்டால் அட்டவணை போதவே போதாது. அப்புறம் நிரூபணம்தான் வழி. 1930-களில் ஜெர்மனியின் கெர்ஹார்ட் கென்ட்சன் தந்த இயல்புவழி நிரூபண முறைதான் இன்று பல பாடநூல்களில் இருக்கிறது. அதில் பிள்ளைகள் விழுகிற இடம் ஒன்றே ஒன்று: "என்று வைத்துக்கொள்வோம்". கூண்டு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள், நாலு வரி தள்ளி 'டோக்கன் கிடையாது' என்று வருகிறது, உடனே அதையே முடிவாகக் கோடு போட்டு எழுதிவிடுகிறார்கள். கூண்டு ஏறியது என்று யாரும் சொல்லவில்லையே, நாமாக வைத்துக்கொண்டதுதானே. அதை மூடிவிட்டு வெளியே வரும்போது கையில் மிஞ்சுவது 'கூண்டு ஏறினால் டோக்கன் கிடையாது' என்ற முழு வாக்கியம் மட்டும்தான். வைத்துக்கொண்ட வரியிலிருந்து மூடும் வரிவரை இடப்பக்கம் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோட்டுக்குள் இருக்கிற எந்த வரியையும் கோட்டுக்கு வெளியே எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.