பிக்சல் லைட்டை விற்க ஆரம்பிக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொலுப் படிக்காக வீட்டில் செய்த பிக்சல் லைட்டை, அதாவது ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் தனித்தனியாக மாற்றக்கூடிய எல்இடி லைட்டைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி எனக்கும் செஞ்சு குடு, காசு தர்றேன்" என்று யாராவது ஒருவர் கேட்பார். தொழில் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது, தவறுகளும் அங்கேதான். எனக்கும் அப்படித்தான். சேலம் அஸ்தம்பட்டி வீட்டு மாடியில் ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கன்ட்ரோலர் போர்டையும் டபிள்யூஎஸ்2812பி என்ற பிக்சல் எல்இடி ஸ்ட்ரிப்பையும் வைத்து இரண்டு வருடம் பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்தவன், ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் தாழ்வாரத்துக்கு லைட் போட்டுத் தர ஒத்துக்கொண்டேன். மாட்டிய அன்று இரவு எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாவது வாரம் பாதித் தாழ்வாரம் இருட்டு. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, போய் வேலை பார்த்துத் திரும்ப அரை நாள். வீட்டில் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யும் ஒரு கோளாறு விற்ற பிறகு அரை நாள் வேலையைத் தின்றுவிடும். கீழே நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

அன்றைக்கு மேலே போய்ப் பார்த்தால் கோளாறு மூன்று பின் உள்ள கனெக்டரில். உள்ளே இருக்கும் செம்புப் பின்னில், கழுவாமல் வைத்த பித்தளைச் சொம்பில் பிடிக்கும் களிம்பு மாதிரி பச்சையாகப் படிந்திருந்தது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழை இல்லாத நாளில்கூட மேகம் தாழ்வாரத்துக்குள்ளேயே வந்துவிட்டுப் போகும். நான் வாங்கியிருந்தது தூசியும் தண்ணீர்ப் பீய்ச்சலும் தாங்கும் என்று சொல்லும் ஐபி65 ஸ்ட்ரிப், மேலே சிலிக்கான் பூச்சு இருந்தது. ஆனால் தேவையான நீளத்துக்கு வெட்டிய இரண்டு முனைகளும் திறந்துதான் இருந்தன, ஈரம் அது வழியாக உள்ளே இறங்கிவிட்டது. சரி, முனையை அடைத்துவிடலாம் என்று ஹார்டுவேர் கடையில் கிடைத்த சிலிக்கான் டியூபை வாங்கிப் பூசினேன், அது அடுத்த தவறு. பூசும்போது காடி நெடி அடிக்கிற சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது செம்பை அரிக்கும். எலக்ட்ரானிக்ஸுக்கு நியூட்ரல் க்யூர் என்று டியூபில் போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். வெளியில் மாட்டுவதாக இருந்தால் கனெக்டரையே தவிர்த்து, சோல்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு மூடுங்கள்.

இன்னொன்று. டபிள்யூஎஸ்2812பி-யில் ஒவ்வொரு சிப்பும் தனக்கான டேட்டாவை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குக் கடத்துகிறது. நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் இருப்பது எல்லாம் நின்றுவிடும். வீட்டில் அது பெரிய விஷயமில்லை, அந்த ஒன்றை வெட்டி எடுத்து ஒட்டவைத்துவிடுவோம். வாடிக்கையாளர் இடத்தில், அதுவும் ஏணி போட்டு ஏறும் உயரத்தில், டபிள்யூஎஸ்2815 போடுங்கள். விலை கூடத்தான். ஆனால் அதில் மாற்று டேட்டா லைன் இருக்கிறது, ஒரு சிப் போனால் அந்த ஒரு புள்ளி மட்டும்தான் அணையும். 12 வோல்ட்டில் ஓடுவதால் நீளமான ஓட்டத்துக்கும் அதுதான் சௌகரியம்.

நீளம் என்றதும் கரண்ட் கணக்கு வருகிறது, தொழிலுக்கு வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இதில்தான் என்பது என் அபிப்பிராயம். ஒரு மீட்டருக்கு 60 எல்இடி உள்ள ரோலில் 5 மீட்டருக்கு 300 எல்இடி. முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லிஆம்ப் என்று வைத்தால் 18 ஆம்பியர், 5 வோல்ட்டில் 90 வாட். வீட்டில் யாரும் முழு வெள்ளையில் ஓட்டுவதில்லை, வானவில் எஃபெக்டில் போன் சார்ஜரே போதும் போலத் தெரியும். வாங்கியவர் முதல் நாளே வெள்ளையை முழு வெளிச்சத்தில் வைப்பார். அப்போது முதல் மீட்டர் வெள்ளையாகவும் கடைசி மீட்டர் மஞ்சளாகி, சிவப்பாகவும் தெரியும், ஏனென்றால் வோல்டேஜ் இறங்கும்போது நீலமும் பச்சையும்தான் முதலில் மங்கும், சிவப்புக்குக் குறைந்த வோல்டேஜே போதும். ஸ்ட்ரிப்பின் இரண்டு முனையிலும் பவர் கொடுங்கள், ஃபியூஸ் வையுங்கள், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைப் பெட்டி) மேல் 20 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 14-க்கு மேல் எடுக்காதீர்கள். பிக்சல் லைட்டை ஓட்டும் டபிள்யூஎல்இடி மாதிரியான மென்பொருளில் மொத்தக் கரண்டுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, அதையும் செட் செய்துவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும்.

மேசை மேல் ஓடியது சைட்டில் ஏன் பைத்தியம் மாதிரி மின்னுகிறது என்று பலர் கேட்கிறார்கள். ஈஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட் சிக்னல். டபிள்யூஎஸ்2812பி-க்குச் சப்ளை வோல்டேஜில் 70 சதவீதம் வந்தால்தான் அது 'ஒன்று' என்று நிச்சயமாக எடுத்துக்கொள்ளும். மேசையில் யுஎஸ்பி வயரில் இறங்கி இறங்கி 4.7 வோல்ட்தான் ஸ்ட்ரிப்புக்கு வந்திருக்கும், அதில் 70 சதவீதம் 3.29, மயிரிழையில் தப்பித்திருக்கிறது. சைட்டில் நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டு 5.1 வோல்ட் வந்ததும் தேவை 3.57 ஆகிவிட்டது. 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74ஏஹெச்சிடி125 என்று ஒரு சின்ன ஐசி, அதை இடையில் போட்டால் முடிந்தது. வீட்டுக்குச் செய்தபோது தேவைப்படாத இந்த ஐசியை விற்கும் ஒவ்வொரு போர்டிலும் வைக்கத்தான் வேண்டும்.

அந்த விடுதியில் இரவு வாட்ச்மேனாக இருக்கும் பெரியவரிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன். விடுதியில் வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள், லைட் எதையும் கேட்கவில்லை, எனக்குப் போன் வந்தது. நான் போனிலேயே, ஆப்பைத் திறங்கள், செட்டிங்ஸ் போங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, சுவிட்சைப் போட்டா எரியணும், அணைச்சா அணையணும், எனக்கு அது போதும்பா" என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். நமக்கு 100 எஃபெக்ட் இருப்பது பெருமை, தினமும் அதைப் போட்டு அணைக்கிறவருக்கு வேண்டியது மூன்று. அப்புறம் நான் செய்யும் எல்லாவற்றிலும் வெளியே ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்த அழுத்த மூன்று மோடு மாறும், வைஃபை இல்லாவிட்டாலும் கடைசியாக வைத்த மோடில் எரியும்.

ஏப்ரல், மே மாதங்களில் மலையில் இடி மின்னலோடு கோடை மழை கொட்டும், சரியான எர்த்தும் சர்ஜ் புரொடெக்டரும் இல்லாத இடத்தில் அடாப்டர் போய்விடும். எர்த்தைச் சோதித்த பிறகே மாட்டுவேன் என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.

யாருக்கு விற்பது என்பதில் நடக்கும் தவறைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் சேலத்தில் தெருத் தெருவாகப் பிக்சல் சாமி போர்டு நிற்கும், பார்த்தவுடன் இதை நாமும் செய்யலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம். சீரியல் செட் போடுகிறவர்களிடம் ஜெனரேட்டர், வண்டி, கம்பத்தில் ஏறும் ஆட்கள், பல வருடத்துப் பழக்கம் எல்லாம் இருக்கிறது, அது வாடகைத் தொழில், மெமரி கார்டு போட்டு ஓட்டும் ரெடிமேட் கன்ட்ரோலரில் அவர்கள் தரும் விலைக்கு நம்மால் கிட்டப் போக முடியாது. நம்மை மாதிரி ஒருவர் உட்கார்ந்து யோசித்தால் மட்டுமே தீரும் சின்னச் சின்னத் தேவைகள் ஊரில் நிறைய இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுக் கடைகளைப் பாருங்கள். தங்கத்துக்குப் பொருந்தும் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தை வெள்ளிக்கும் போட்டால் புதுக் கொலுசுகூடப் பழசு மாதிரி தெரியும். வெள்ளை வெளிச்சம் தரும் 6000 கெல்வின் பக்கம், நிறத்தை உள்ளபடி காட்டுவதற்கான அளவான சிஆர்ஐ 90-க்கு மேல் உள்ள ஸ்ட்ரிப்பை அலுமினியச் சேனலில் வைத்துக் கொடுத்தால் கடைக்காரருக்கு வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். அந்த ஷோகேஸில் தூசிக்காக ரப்பர் பட்டை வைத்து அடைக்காதீர்கள், ரப்பரில் இருக்கும் கந்தகம் மூடிய பெட்டிக்குள் வெள்ளியைக் கறுக்கவைக்கும். இந்த மாதிரி விஷயத்தைத் தெரிந்துவைத்திருப்பவரைக் கடைக்காரர் அடுத்த முறையும் கூப்பிடுவார்.

கல்யாண மேடைக்குச் செய்வதாக இருந்தால் முதலில் வீடியோகிராஃபரின் கேமராவை வைத்துப் பாருங்கள். பழைய டபிள்யூஎஸ்2812 சிப்புகள் நொடிக்குச் சுமார் 400 முறைதான் மின்னுகின்றன, கண்ணுக்குத் தெரியாது, வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். ஏபிஏ102 வகை நொடிக்கு ஏறத்தாழ 20,000 முறை மின்னுவதால் அதில் இந்தத் தொல்லை வராது.

விலை சொல்வதற்கு வருகிறேன். என் முதல் ஆர்டரில் பொருள் 4,200 ரூபாய், நான் சொன்ன விலை 6,500. மிச்சம் 2,300 என்று சந்தோஷப்பட்டேன். சோல்டரிங், கோடிங், மாட்டுவது எல்லாம் சேர்த்து 14 மணி நேரம், அப்புறம் மலைக்கு மூன்று நடை. பிடித்த வேலை என்பதால் நேரத்துக்கு விலை போட மனம் வருவதில்லை, இதை எல்லோரிடமும் பார்க்கிறேன். பொருள் விலையோடு உங்கள் மணி நேரக் கூலி, ஒரு சர்வீஸ் நடைக்கான செலவு, மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தால் ஆகும் தொகை, இத்தனையையும் கூட்டிய பிறகுதான் லாபத்தைச் சேர்க்க வேண்டும். தெரிந்தவர் என்றாலும் பாதி அட்வான்ஸ் வாங்காமல் பொருள் வாங்காதீர்கள். எத்தனை மாதம் இலவச சர்வீஸ், அதில் தண்ணீர் புகுந்தது, இடி விழுந்தது எல்லாம் சேருமா சேராதா என்பதைப் பில்லிலேயே எழுதுங்கள்.

சட்ட விஷயத்தில் "நான் சின்ன ஆள்தானே" என்று இருந்துவிடக் கூடாது. எல்இடி பல்பு, எல்இடி விளக்குகள், எல்இடி டிரைவர் (எல்இடிக்குக் கரண்ட் தரும் பெட்டி), ரோப் லைட் மாதிரியான சரவிளக்கு எல்லாம் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் கட்டாயப் பதிவின் கீழ் வருகின்றன. 230 வோல்ட்டைத் தொடும் பகுதியை நீங்களே செய்யாதீர்கள், ஆர் என்று தொடங்கும் பதிவு எண் அச்சிட்ட டிரைவரை வாங்கிப் போடுங்கள். அதனால் மட்டும் உங்கள் பொருளுக்கு விலக்குக் கிடைத்துவிடாது, பெட்டியில் போட்டுப் பெயர் ஒட்டி விற்கும் முன் பிஐஎஸ் அலுவலகத்திலோ அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலோ கேட்டுவிடுங்கள். வைஃபை உள்ள கருவி என்றால் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும்.

எல்இடி விளக்குகளுக்கு ஜிஎஸ்டி 2022 ஜூலையிலிருந்து 18 சதவீதம். பொருள் மட்டும் விற்றால் தமிழ்நாட்டில் வருடத்துக்கு 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு, மாட்டிக் கொடுக்கும் சேவையும் சேர்ந்தால் 20 லட்சம் என்பதைக் கணக்கில் வையுங்கள். பெங்களூருக்குப் பொருளை விற்றுப் பில் போட்டால் தொகை எவ்வளவானாலும் பதிவு வேண்டும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்கும் தளங்களில் ஏமாறாதீர்கள். அந்தப் பதிவு இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் உள்ள வேலைக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம், ஒரு முறை எனக்கு அது உதவியிருக்கிறது.

இலவச மென்பொருளை விற்கலாமா என்றால் விற்கலாம், உரிமத்தைப் படித்துவிட்டு. பிக்சல் லைட்டுக்குக் கோடு எழுத உதவும் ஃபாஸ்ட்எல்இடி எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, உரிமக் குறிப்பைக் கூடவே கொடுத்தால் போதும். டபிள்யூஎல்இடி இப்போது இயுபிஎல் உரிமத்துக்கு மாறிவிட்டது, அதைத் திருத்தி விற்றால் திருத்திய மூலநிரலையும் கொடுக்க வேண்டும். யாரோ தன் ராத்தூக்கத்தைக் கெடுத்து எழுதியது, அந்த மரியாதையைத் தவறாமல் செய்யுங்கள்.

இப்போது ஏற்காட்டுக்கு எது போனாலும் கூடவே ஒரு சின்ன டப்பா போகிறது. அதில் ஒரு அடாப்டர், ஒயர் சோல்டர் செய்து முனை அடைத்த ஒரு மீட்டர் ஸ்ட்ரிப், இரண்டு ஃபியூஸ், மூடியின் உள்பக்கம் தமிழில் ஒரு சீட்டு: சிவப்பு ஒயர் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு, பச்சை பச்சைக்கு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாற்றவும். போன ஐப்பசி மழையில் அந்த வாட்ச்மேன் பெரியவர் ஃபியூஸை அவரே மாற்றிவிட்டு, வேறு ஃபியூஸ் ஒன்று கொடுத்தனுப்பச் சொல்லி எனக்குப் போன் செய்தார்.