ஃபிலிம் கேமராவில் ஒளிக்கசிவு: நெகட்டிவிலிருந்து தொடங்குங்கள்

பழைய ஃபிலிம் கேமராவில் எடுத்த படங்களின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத் தீற்றலோ வெளிறிய பட்டையோ தெரிந்தால், பலரும் உடனே பின்கதவைத் திறந்து வெளியொளி உள்ளே கசியாமல் தடுக்க அங்கு ஒட்டியுள்ள ஸ்பாஞ்சுப் பட்டைகளைச் சுரண்டத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் பட்டைகளை முழுவதும் மாற்றினேன். அடுத்த ரோலிலும் அதே வெள்ளைப் புள்ளி அதே இடத்தில் வந்த பிறகுதான், குறை ஷட்டர் துணியில் (ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரையில்) இருந்த ஊசித் துளை என்று தெரிந்தது. அந்தப் புள்ளி எந்தப் படத்திலும் படச்சட்டத்தைத் தாண்டவில்லை என்பதை முதல் ரோலின் நெகட்டிவிலேயே பார்த்திருக்கலாம்.

ஸ்கேன் செய்த படத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஸ்கேனில் ஃபிலிமின் ஓரங்கள் வெட்டுப்பட்டுவிடும்; நமக்கு வேண்டிய சாட்சியம் அங்கேதான் இருக்கிறது. நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கசிந்த ஒளி பட்ட இடம் கருமையாகத் தெரியும். அந்தக் கருமை படச்சட்டத்தைத் தாண்டி ஓரத் துளைகள் வரை பரவியிருந்தால், ஒளி பெரும்பாலும் பின்கதவின் இடுக்கு வழியே வந்திருக்கிறது. சட்டத்தின் எல்லையோடு கத்தரித்ததுபோல் நின்றுவிட்டால், அது முன்புறத்திலிருந்து, அதாவது ஷட்டர், லென்ஸ் பொருந்தும் வளையம், மடிப்புக் கேமராவானால் பெல்லோஸ் (லென்ஸை உடலோடு இணைக்கும் மடிப்புறை) ஆகியவற்றின் வழியே வந்தது. சூரியனை நோக்கி எடுத்த படங்களில் மட்டும் காணப்பட்டால் அது கசிவே அல்ல, லென்ஸுக்குள் ஒளி சிதறியதன் விளைவு.

கலர் நெகட்டிவில் நிறமும் ஒரு துப்பு. சிவப்பொளியை உணரும் அடுக்கு ஃபிலிமின் அடித்தளத்தை ஒட்டி இருப்பதால், பின்னாலிருந்து வரும் ஒளி முதலில் அதைத்தான் தாக்குகிறது. படத்தில் அது சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ விழும். கசிவின் இடத்தைக் கணிக்கும்போது, கேமராவுக்குள் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழுகிறது என்பதை மறக்கக் கூடாது. படத்தின் மேலோரத்தில் தெரியும் கறை கேமராவின் அடிப்பக்கத்திலிருந்தும், இடது ஓரத்தில் தெரிவது, பின்னாலிருந்து பார்க்கும்போது வலப்பக்கம் உள்ள கீலிலிருந்தும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தடுத்து வேகமாக எடுத்த படங்கள் தெளிவாகவும், கேமரா வெயிலில் நெடுநேரம் சும்மா இருந்தபோது உள்ளே நின்ற படம் மட்டும் கறையோடும் இருந்தால் உடலில்தான் கசிவு. ரோலின் தொடக்கத்தில் மட்டும் கருமை இருந்தால், கடும் வெளிச்சத்தில் ஃபிலிம் ஏற்றியதுதான் காரணம். கேமராவைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது டார்ச் சோதனை. ஃபிலிம் இல்லாத கேமராவில், ரோல் வைக்கும் அறைக்குள் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை எரியவிட்டுக் கதவை மூடி, இருட்டறையில் கண் பழகும்வரை சில நிமிடங்கள் காத்திருந்து, கீல், தாழ்ப்பாள், ரோல் தெரியும் சிறு கண்ணாடி ஆகிய இடங்களை எல்லாக் கோணங்களிலும் பாருங்கள். எதுவும் தெரியாவிட்டால் கசிவே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. வளைந்து நெளிந்து வரும் ஒளி கண்ணுக்குத் தப்பும், ஃபிலிமுக்குத் தப்பாது. அப்போது ஃபிலிம் ஏற்றிய பின் கதவின் இடுக்குகளைக் கருப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டி ஒரு ரோல் எடுங்கள். கறை மறைந்தால் குற்றவாளி கதவுதான்.

கேனன் ஏஇ-1, பென்டாக்ஸ் கே1000 (இரண்டும் 1976) போன்ற அக்காலக் கேமராக்களில் வைத்த பாலியூரிதேன் ஸ்பாஞ்சு, காற்றின் ஈரத்தால் பல ஆண்டுகளில் சிதைந்து, தார்போல் ஒட்டும் பிசினாகிவிடும். அதை எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். கேமராவின் திறந்த பின்புறம் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டால், உதிரும் துகள்கள் ஷட்டரின் மேல் விழாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பள்ளத்தை ஈரமாக்கி, ஊறிய பிறகு மரப் பல்குச்சியால் தள்ளியெடுங்கள். உலோக முனை வண்ணப்பூச்சைக் கீறிவிடும். ஷட்டர் திரையைக் குச்சியோ விரலோ தொடவே கூடாது.

புதிய பட்டைக்கு, பின்புறம் பசையுள்ள மெல்லிய கருப்பு ஸ்பாஞ்சு ஏற்றது. கதவுப் பள்ளங்களுக்குப் பெரும்பாலும் 1.5 மி.மீ. தடிமன் போதும். பள்ளத்தின் அகலத்தை அளந்து, இரும்பு அளவுகோலும் புதிய பிளேடும் கொண்டு வெட்டுங்கள். 2 மி.மீ. அகலப் பட்டை விரலில் சுருண்டு, தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். பசைப்பக்கத்தைத் தண்ணீரால் லேசாக நனைத்துவிட்டால், ஈரம் உலரும்வரை பட்டையைப் பள்ளத்துக்குள் நகர்த்திச் சரிசெய்ய முடியும். இந்த ஒரு உத்தி பாதி வேலையை எளிதாக்கிவிடுகிறது. தடிமன் கூடினால் கதவு இறுகித் தாழ்ப்பாள் வளையும் என்பதால், அழுத்தி மூடவேண்டிய நிலை வந்தால் மெல்லிய பட்டைக்கு மாறுங்கள். குறுகிய பள்ளங்களுக்குக் கருப்புக் கம்பளி நூலும் நன்றாகவே பொருந்துகிறது. கீல் பக்கத்துக்கு மட்டும் அகலமான துண்டு தேவை.

லென்ஸ் வழியே வரும் காட்சியை மிரர் கொண்டு கண்ணுக்குக் காட்டும் எஸ்.எல்.ஆர். கேமராவில், அந்த மிரர் எழும்பி மோதும் இடத்திலும் ஒரு பட்டை உண்டு. அதற்கு மேலே இருக்கும் ஃபோகஸ் திரை மென்மையான பிளாஸ்டிக் ஆகையால், ஒரு சொட்டு ஆல்கஹாலோ பிசினோ பட்டாலும் கறை நிலைத்துவிடும். திரையைக் காகிதத்தால் மூடிவிட்டுப் பிழிந்த பஞ்சால் மட்டும் துடையுங்கள்.

ஷட்டர் துணியிலோ பெல்லோஸிலோ உள்ள ஊசித் துளையை, வளையும் தன்மையுள்ள கருப்புத் துணிப் பூச்சை ஊசி முனையால் மிக மெல்லிதாகத் தொட்டுவைத்து அடைக்கலாம். தடித்துப் பூசினால் ஷட்டரின் ஓட்டம் கெடும். துளைகள் பலவாக இருந்தால் துணியையே மாற்றுவதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவது நல்லது.

பசை உலர்ந்தபின் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன் எண்) 400 உள்ள ஃபிலிம் ஒன்றை ஏற்றி, லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு, கேமராவின் ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து நிமிடம் நேர் வெயிலில் காட்டுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் இரண்டு படங்களைக் காலியாக ஓட்டி, எந்த எண்ணில் எந்தப் பக்கம் காட்டப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு கசிவு மிஞ்சியிருந்தால், கழுவிய நெகட்டிவில் கருமை விழுந்த எண்ணே அது எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கும்.