ரீமேப்புக்கு அப்புறம் ஐடில் பிடிக்கவில்லையா? முதலில் ஸ்க்ரூவிலிருந்து கையை எடுங்கள்

பைக்கின் இன்ஜினை நடத்தும் கணினி ஈசியூ. பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று அதில் இருக்கும் அட்டவணைதான் மேப், அதை மாற்றி எழுதுவது ரீமேப். ரீமேப் போட்டு எடுத்து வந்த அன்று வண்டி பறக்கும். மறுநாள் சிக்னலில் கிளட்சைப் பிடித்ததும் ஆர்பிஎம் சரசரவென்று இறங்கி 700-க்குப் போய் பொசுக்கென்று நின்றுவிடும். இல்லையென்றால் நிற்காது, 1200-க்கும் 1800-க்கும் நடுவில் ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். உடனே நாம் எல்லோரும் செய்வது இரண்டு வேலை. ஒன்று, ஐடிலை, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, கூட்டும் ஸ்க்ரூவை ஏற்றிவிடுவது. இன்னொன்று, மேப் போட்டவருக்கு போன் செய்து "அண்ணா, கீழே சரியில்லை, இன்னொரு மேப் அனுப்புங்க" என்பது. இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நான் தள்ளி வைக்கவில்லை. என் இரட்டை சிலிண்டர் வண்டிக்கு மூன்று வாரத்தில் மூன்று மேப் மாற்றினேன், ஒவ்வொன்றிலும் ஐடில் வேறு வேறு விதமாக ஆடியது. கடைசியில் டேங்கைத் தூக்கிப் பார்த்தால், இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில், வேக்கம் கேஜ் மாட்டுவதற்கான முனையை மூடியிருக்கும் சுண்டு விரல் நுனி அளவு ரப்பர் மூடி. பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. நகத்தால் அழுத்தியதும் சின்ன வாய் மாதிரி பிளந்தது. இன்ஜின் ஓடும்போது அந்த முனையை விரலால் அடைத்தேன், ஆடிக்கொண்டிருந்த முள் 1300-ல் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஈசியூவைக் கழற்ற டேங்கைத் தூக்கியபோது அந்த மூடியில் ஏதோ உரசியிருக்கிறது, அவ்வளவுதான். மேப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் சொல்கிறேன்: ரீமேப்புக்கு அப்புறம் வந்த கோளாறு எல்லாம் ரீமேப்பால் வந்த கோளாறு இல்லை. அந்த வேலைக்காக எதையெல்லாம் கழற்றினார்கள், எதையெல்லாம் மாற்றினார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். புது சைலன்சர், புது ஏர் ஃபில்டர், அடைத்துவிட்ட ஹோஸ், பிடுங்கிவிட்ட ஆக்ஸிஜன் சென்சார், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"மேலே நன்றாக இழுக்கிறதே, கீழே மட்டும்தானே பிரச்சினை, அப்போ மேப்பில் கீழ்ப்பகுதிதான் தப்பு" என்று தோன்றும். ஐடிலில் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். உள்ளே போகிற காற்று மிகக் கொஞ்சம், இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் திறப்பது சுமார் 2 மில்லி நொடிதான். அந்த நிலையில் ஊசி ஓட்டை வழியாக நுழையும் காற்றுகூடப் பெரிய பங்கு. அதே ஓட்டை 6000 ஆர்பிஎம்மில் கணக்கிலேயே வராது. ஆக, மேலே நன்றாக ஓடி கீழே தடுமாறுவது மேப் தப்பு என்பதற்கு அத்தாட்சி ஆகாது, காற்றுக் கசிவும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும்.

வண்டி என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள்

ஒரு நாள் முழுக்க எதையும் தொடாமல் கவனியுங்கள். குளிர்ந்த இன்ஜினில் நின்று, சூடானதும் சரியாகிறதா? குளிர் ஸ்டார்ட்டுக்கான கூடுதல் பெட்ரோல் போதவில்லை என்று சந்தேகப்படலாம். தலைகீழாக, குளிரில் நன்றாக இருந்து சூடானதும் மூச்சுத் திணறி நின்று, பெட்ரோல் வாடை வந்து, பிளக்கும் கரிப்பொடி பூசிய மாதிரி கருப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். இதற்கு மேப்பும் காரணமாகலாம், இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று ஈசியூவிடம் பொய் சொல்லும் வெப்பநிலை சென்சாரும் காரணமாகலாம். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் 2000-லேயே தொங்கி நின்று மெதுவாக இறங்கினால் காற்றுக் கசிவையும் த்ராட்டில் கேபிளையும் பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்பதை ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும், திருப்பும்போது ஆர்பிஎம் ஏறினால் வேறெதுவும் தேட வேண்டாம். நின்ற இடத்தில் ஐடில் அருமையாக இருந்து, ஓடி வந்து கிளட்ச் பிடிக்கும்போது மட்டும் அணைந்தால் அது தனிக் கதை, கீழே வருகிறேன்.

பேட்டரி

சிரிக்காதீர்கள், இதுதான் முதல் சோதனை. ரீமேப் ஏற்றும்போது இன்ஜின் ஓடாமல் சாவி ஆனிலேயே நீண்ட நேரம் கிடக்கும், ஹெட்லைட் வேறு எரியும். வண்டி சும்மா நிற்கும்போது மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், ஓடும்போது 13.5-லிருந்து 14.5 வரை. வோல்டேஜ் குறைந்தால் இன்ஜெக்டர் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம் கூடும். ஈசியூவில் அதற்கு ஒரு திருத்த அட்டவணை இருக்கிறது, ஆனாலும் மொத்தத் திறப்பே 2 மில்லி நொடி என்கிற இடத்தில் சின்னப் பிசகும் ஐடிலை ஆட்டிவிடும். பேட்டரியை முழுசாக சார்ஜ் போடுங்கள், டெர்மினல் போல்ட்டை ஒருமுறை இறுக்குங்கள்.

ஈசியூ மறுபடி கற்றுக்கொள்ளட்டும்

ரீமேப் ஏற்றும்போது பல வண்டிகளில் ஈசியூ அதுவரை பழகி வைத்திருந்த திருத்தங்கள் அழிந்துவிடும். த்ராட்டில் மூடிய நிலை எது, ஐடில் வால்வு எவ்வளவு திறக்க வேண்டும், இதெல்லாம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். முறை வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலில் இருப்பதைத்தான் செய்ய வேண்டும். பொதுவாக, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைத் தொடாமலே சூடாகும்வரை ஓட விடுவதுதான் வழி. கேடிஎம் ஓட்டுபவர்கள் நடுவே இதற்கு '15 நிமிட ஐடில்' என்றே பெயர். நடுவில் ஒரு முறை முறுக்கிப் பார்க்கலாமா என்று கை துறுதுறுக்கும், முறுக்கினால் மறுபடி முதலிலிருந்து. கதவைச் சாத்திய ஷெட்டில் இதைச் செய்யவே கூடாது, புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது.

காற்றுக் கசிவு

பாதிக்கு மேல் நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள், என் அனுபவம் அப்படி. த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பூட், அதன் கிளாம்ப், உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் MAP சென்சாருக்கு (ரீமேப்பில் வரும் மேப் வேறு) போகும் மெல்லிய டியூப், பெட்ரோல் ஆவி கேனிஸ்டரைக் கழற்றியிருந்தால் அந்த ஹோஸ் வந்து சேர்ந்த முனை, வேக்கம் மூடிகள். கண்ணால் பார்த்தால் போதாது, ஒவ்வொன்றையும் வளைத்து, அழுத்திப் பாருங்கள், பழைய ரப்பரின் வெடிப்பு வளைத்தால்தான் வாயைத் திறக்கும். அப்புறம் இன்ஜினை ஓட விட்டு, ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து மூட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சுங்கள், மின் இணைப்புகள் மேல் படாமல். எந்த இடத்தில் பீய்ச்சும்போது ஐடில் ஓசை மாறுகிறதோ அங்கேதான் கசிவு. கார்புரேட்டர் கிளீனரை அடிக்கச் சொல்லும் ஆட்கள் நிறைய, அது வேலை செய்யும்தான், ஆனால் சூடான சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் எரியும் பொருளை அடிக்க எனக்கு மனசு வராது.

டேங்கைத் திரும்ப மாட்டியபோது எந்த ஹோஸும் அடியில் நசுங்கவில்லையே என்பதையும் பாருங்கள். டேங்கின் காற்று ஹோஸ் நசுங்கினால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம்தான் திணற ஆரம்பிக்கும். பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான்.

இப்போது ஸ்க்ரூ விஷயம்

அந்த ஸ்க்ரூ வெறும் காற்றை மட்டும் கூட்டினால் பரவாயில்லை. பல வண்டிகளில் அது த்ராட்டில் தகட்டையே கொஞ்சம் திறந்து வைக்கிறது. திறந்ததும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் அளவு மாறுகிறது. மூடிய நிலையில் பல வண்டிகளில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை இருக்கும், உங்கள் வண்டிக்கான எண்ணை மேனுவலில் பாருங்கள். அது ஏறிவிட்டால், ஆக்சிலேட்டரை விட்டுவிட்டார் என்பதே ஈசியூவுக்குத் தெரியாது. ஐடில் கட்டுப்பாட்டுக்குள்ளேயே அது நுழையாது, மேப்பில் வேறு கட்டத்தைப் படிக்கும். நீங்கள் ஒன்றைச் சரி செய்யப் போய் மூன்றைக் கெடுத்திருப்பீர்கள், அதற்கு மேல் மேப் போட்டவர் அனுப்பும் திருத்தம் எல்லாம் தப்பான அஸ்திவாரத்தில்தான் நிற்கும். ஏற்கெனவே திருகியிருந்தால் சென்சார் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள். கேபிளுக்குப் பதில் மின்சாரத்தில் த்ராட்டிலைத் திறக்கும் ரைடு பை வயர் வண்டிகளில் இந்த வேலையே இல்லை, தகட்டை மோட்டார்தான் நகர்த்துகிறது, சாவி ஆனில் இருக்கும்போது அதை விரலால் தள்ளாதீர்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட த்ராட்டில் பாடி இருந்தால் அவை ஒரே அளவில் இழுக்கின்றனவா என்று வேக்கம் கேஜ் வைத்து சமன் செய்ய வேண்டும். இதை ரீமேப்புக்கு முன்பே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் இப்போது செய்யுங்கள்.

சென்சாரும் மேப்பும் சண்டை போட்டால்

ஆக்ஸிஜன் சென்சார் புகையில் மிச்சம் இருக்கும் ஆக்ஸிஜனைப் பார்த்து, காற்று-பெட்ரோல் விகிதம் 14.7-க்கு 1 என்ற இடத்தைச் சுற்றியே நிற்கும்படி ஈசியூவைத் திருத்தச் சொல்கிறது. சாதாரண நேரோபேண்ட் சென்சார் என்றால் அதன் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே மேலும் கீழுமாகத் தாவிக்கொண்டே இருக்கும். இன்ஜெக்டர் வயரில் இடையே மாட்டும் பிகிபேக் பெட்டி வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: பெட்டி ஐடிலில் பெட்ரோலைக் கூட்டும், சென்சார் அதைப் பார்த்துக் குறைக்கச் சொல்லும், ஈசியூ குறைக்கும். ஒன்று ஊற்ற, ஒன்று இறைக்க, ஐடில் ஊஞ்சலாடும். ஐடில் பகுதியில் பெட்டியின் எண்ணை 0 ஆக்கிவிட்டுப் பாருங்கள்.

இன்னொரு ஏமாற்று, சைலன்சர் பைப் சிலிண்டரோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் சரியாக உட்காராதது. புகை துடித்துத் துடித்துப் போவதால் நடு நடுவே வெளிக்காற்று உள்ளே வரும், பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் நினைத்துவிடும். ஈசியூவும் நம்பி ஊற்றிக்கொண்டே இருக்கும். ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) பிளஸ்ஸில் ஏறி, பிளக் மட்டும் கருப்பாக இருந்தால் இதைத்தான் தேட வேண்டும்.

பழைய மேப்பைத் திரும்பப் போடுங்கள்

இதுவரை எல்லாம் சரி, ஐடில் மட்டும் சரியில்லை என்றால் கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றி, மறுபடி ஐடில் கற்றுக்கொள்ள விட்டு, இரண்டு நாள் ஓட்டுங்கள். அப்போதும் அதே ஆட்டம் என்றால் கோளாறு வண்டியில். சரியாகிவிட்டால் மேப்பில். சைலன்சரும் ஃபில்டரும் மாற்றியிருந்தால் கம்பெனி மேப்பில் பெட்ரோல் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும், அதனால் முடிந்தால் பழையதை மாட்டிவிட்டுச் சோதியுங்கள். கம்பெனி மேப்பின் நகலை எடுத்து வைக்காமல் ரீமேப் செய்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், என் கருத்து அவ்வளவுதான்.

மேப்தான் என்று தெரிந்ததும், "ஐடில் சரியில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் எதிர்ப்பக்கம் குருட்டுக் கணக்குதான் போடுவார்கள். குளிர் ஸ்டார்ட்டிலிருந்து முழுசாகச் சூடாகும் வரை ஒரு லாக் (ஈசியூ தரும் அளவுகளின் பதிவு) எடுங்கள்: ஆர்பிஎம், த்ராட்டில் அளவு, இன்ஜின் வெப்பம், பேட்டரி வோல்டேஜ், ஃபியூயல் ட்ரிம், இக்னிஷன் டைமிங். டைமிங்கை விட்டுவிடாதீர்கள். ஆர்பிஎம் விழும்போது ஈசியூ தீப்பொறியை முன்னால் தள்ளித் தூக்கிவிடும், ஏறும்போது பின்னால் இழுக்கும், காற்றை மாற்றுவதைவிட இது வேகமான பிடி. மேப்பில் ஐடில் டைமிங்கையே ஏற்றி வைத்திருந்தால் தூக்குவதற்கு இடமே மிஞ்சாது. அப்புறம், முன்பே சொன்ன அந்தத் தனிக் கதை: ஓடி வந்து கிளட்ச் பிடிக்கும்போது மட்டும் நிற்பது. ஆக்சிலேட்டரை விட்டதும் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடுகிறது, மறுபடி எந்த ஆர்பிஎம்மில் தொடங்க வேண்டும் என்று ஓர் எண் இருக்கிறது. அதைக் கீழே இறக்கி வைத்திருந்தால் பெட்ரோல் திரும்பி வருவதற்குள் முள் விழுந்துவிடும். அந்த எண்ணை ஏற்றச் சொல்லிக் கேளுங்கள், அதற்காக முழு மேப்பையும் மாற்ற வேண்டாம்.

இரண்டு மேப்பிலும் நன்றாகச் சூடான பிறகு மட்டும் ஐடில் சொதப்பினால் டேங்கோடு சேர்த்து வால்வு கவரையும் கழற்றத் தயாராகுங்கள். இடைவெளி இல்லாமல் இறுகிப்போன வால்வு சூட்டில் முழுசாக மூடாது, கம்ப்ரெஷன் கசியும். இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, அதாவது ராத்திரி நிறுத்திய வண்டியை காலையில், ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடுகள்) வைத்து அந்த இடைவெளியை அளந்து பாருங்கள்.