கிளிங்கான் வினை விகுதிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வினையோடு விகுதிகளை அடுக்கிச் சொல்லை நீட்டுவது தமிழருக்குக் கைவந்த வேலை. 'ஸ்டார் ட்ரெக்' படங்களுக்காக உருவாக்கப்பட்ட கிளிங்கான் மொழியைக் கற்கும்போது அது பெரிய வசதி. அதே வசதிதான் காலையும் வாருகிறது. தமிழில் எது எங்கே வருமோ, அது அங்கேயும் அப்படியே வரும் என்று கை பழகிவிடுகிறது. உச்சரிப்புப் பிழைகள் பேசப் பேசச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதிர்மறையைக் கடைசியில் ஒட்டுவது

துஜ் என்றால் 'சூடாக இரு'. துஜ்-சொஹ், 'சூடாகு'. துஜ்-மொஹ், 'சூடாக்கு'. நம் ஆகு, ஆக்கு போலத்தான். இதுவரை எல்லோரும் சரியாகவே வருகிறார்கள். 'இல்லை' எனும் மறுப்பு விகுதி பெ' வந்ததும் சறுக்குகிறார்கள்.

தமிழில் மறுப்பு பின்னால் வரும்: சூடாக்கவில்லை, சூடாக்க மாட்டான். கிளிங்கானில் பெ' தனக்கு ஒட்டி முன்னால் இருப்பதைத்தான் மறுக்கும். துஜ்-மொஹ்-பெ' என்றால் அவன் அதைச் சூடாக்கவில்லை, சும்மா இருக்கிறான். துஜ்-பெ'-மொஹ் என்றால் அதைச் சூடில்லாமல் ஆக்குகிறான். அங்கே வேலை நடக்கிறது. தேவையைக் குறிக்கும் நிஷ் வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஷொப்-நிஷ்-பெ': சாப்பிடத் தேவையில்லை. ஷொப்-பெ'-நிஷ்: சாப்பிடாமல் இருந்தே ஆக வேண்டும். முன்னது சலுகை, பின்னது தடை!

இரண்டும் இலக்கணப்படி சரியான சொற்கள் என்பதுதான் எனக்கு ஆறாத எரிச்சல். பிழை கண்ணில் படாது. பொருள் மட்டும் தலைகீழாகிவிடும். எழுதுமுன் 'எது இல்லை?' என்று கேளுங்கள். சூடு இல்லையா, ஆக்குவது இல்லையா, தேவை இல்லையா? விடை எந்த உறுப்போ, அதன் முதுகிலேயே பெ'-ஐ வையுங்கள்.

கட்டளையில் பெ'

வரவே வராது. அங்கே 'செய்யாதே' எனும் கோ' மட்டும்.

வரிசையை மாற்றுவது

இம்மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ராண்டின் 1985 அகராதி வினை விகுதிகளை 9 வகையாகப் பிரிக்கிறது. வகைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. 1 முதல் 9 வரை எண் வரிசையில்தான் அடுக்க வேண்டும். சொஹ் 3, மொஹ் 4. ஆகவே சொஹ்-மொஹ்தான், மொஹ்-சொஹ் கிடையாது. 'முடியும்' எனும் லஹ், எழுவாயைச் சொல்லாமல் விடும் லு' இரண்டும் 5-ஆம் வகை, அதனால் ஒரே வினையில் சேர்ந்து நிற்காது. பெ', கோ' உள்ளிட்ட 4 விகுதிகள் மட்டும் இந்த எண்களுக்கு வெளியே.

பெயர்ச்சொல்லில் மொஹ்

எந்தப் பெயரோடும் 'பண்ணு' சேர்த்து வினையாக்கும் பழக்கம் இங்கே உதவாது. மொஹ் வினையில்தான் ஒட்டும். குல் (தீ) மேல் ஒட்டாதீர்கள். மெக் (எரி) எடுத்து மெக்-மொஹ் என்று எழுதுங்கள்.

பு' இறந்தகாலம் என்று நினைப்பது

கிளிங்கான் வினையில் கால விகுதியே இல்லை. பு' செயல் முடிந்ததைச் சொல்லும். 'நாளை இந்நேரம் சாப்பிட்டு முடித்திருப்பான்' என்பதற்கும் ஷொப்-பு' வரும். 'நேற்று நான் போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தான்' என்பதற்கு வராது, அங்கே செயல் தொடர்வதைச் சொல்லும் தஹ் சேர்த்து ஷொப்-தஹ்.