மூன்றடி பேஸ்மென்ட், எங்கிருந்து? புறநகரில் வீடு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடுவாஞ்சேரி, முடிச்சூர், படப்பை, திருநின்றவூர் என்று சென்னையைச் சுற்றி அரை கிரவுண்டு (1,200 சதுரடி) வாங்கி வீடு கட்டுபவர்கள் ஒவ்வொரு வருடமும் அதே நாலைந்து இடங்களில்தான் இடறுகிறார்கள். வில்லங்கச் சான்று எடுங்கள், தாய்ப்பத்திரம் கேளுங்கள், வக்கீலிடம் காட்டுங்கள் என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்தக் காகிதமெல்லாம் சுத்தமாக இருந்தும் பணத்தை விழுங்குகிற தவறுகள் வேறு.

ரோட்டைப் பார்த்துத் தரைமட்டம் வைப்பது

மற்ற தவறுகளைச் செலவு செய்தாவது பின்னால் சரிக்கட்டலாம். மட்டம் தவறினால் இரண்டே வழிதான். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே தரையை உயர்த்தி, நிலைவாசலில் தலை இடிக்கிற வீட்டில் வாழ வேண்டும். கட்டும்போது சில லோடு மண்ணில் முடிகிற வேலை இது. அதை மிச்சம் பிடித்தவர்கள் ஐப்பசி வந்தால் மணல் மூட்டை அடுக்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நடப்பது இப்படித்தான். மனையை மாசி, பங்குனியில் பார்க்கிறார்கள். தரை காய்ந்து கிடக்கிறது. காண்ட்ராக்டர் கொட்டேஷனில் ‘பேஸ்மென்ட் 3 அடி’ என்று எழுதுகிறார். பேஸ்மென்ட் என்பது தரைக்கு மேலே எழுப்பும் அடிமேடை. எங்கிருந்து 3 அடி என்பதை அவரும் எழுதுவதில்லை, இவரும் கேட்பதில்லை. மனை ரோட்டைவிட ஒன்றரை அடி பள்ளமாக இருந்தால், மனைத் தரையிலிருந்து எழுப்பிய 3 அடி ரோட்டுக்கு மேலே ஒன்றரை அடிதான் நிற்கும். அந்த ரோடும் அப்போது மண் ரோடு, மிஞ்சினால் ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டியது. பிறகு தார் வரும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடி அதன் மேல் இன்னொரு தார் வரும். கடைசியில் 6 முதல் 8 அங்குலத்துக்கு சிமென்ட் ரோடு. அந்த ஒன்றரை அடியும் அதோடு தீர்ந்தது. போர்டிகோ ரோட்டுக்குக் கீழே போயிருக்கும், வீட்டுத் தரை ரோட்டுக்குச் சமமாகியிருக்கும்.

பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். தேவையான உத்தரவுதான். ஆனால் மண் ரோடு முதல் தடவையாகத் தார் ரோடாகும்போது சுரண்ட என்ன இருக்கிறது? அந்த உயர்வு வந்தே தீரும்.

ஆகவே வாசலில் இருக்கும் ரோட்டை மட்டும் பார்த்து மட்டம் வைக்காதீர்கள். மனைக்கு எதிரே ரோட்டின் நடு, தெருமுனை, தெரு போய்ச் சேரும் மெயின் ரோடு, மழைநீர் வெளியேறும் சிறுபாலத்தின் அடிமட்டம் ஆகிய நாலு இடங்களிலும் மட்டம் எடுக்க வேண்டும். பக்கத்துப் புள்ளிகளுக்குக் கொத்தனாரின் டியூப் லெவலே, அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயே போதும். குழாயில் காற்றுக் குமிழி நின்றால் மட்டம் பொய் சொல்லும், அதை முதலில் வெளியேற்றுங்கள். தூரத்துப் புள்ளிகளுக்கு ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவி வைத்திருக்கும் சர்வேயரை அரை நாள் கூப்பிடுங்கள். மெயின் ரோடு உங்கள் தெருவைவிட உயரமாக இருந்தால், தெருவும் ஒருநாள் அதை நோக்கி ஏறும் என்றே கணக்குப் போடுங்கள்.

அதோடு ஏரியையும் பார்க்க வேண்டும். பக்கத்து ஏரியின் கலங்கல் (நிரம்பினால் நீர் வழியும் இடம்) எந்தப் பக்கம், அது வழிந்தால் உபரி நீர் எந்தக் கால்வாயில் போகிறது என்று ஊரில் பழைய ஆட்களிடம் கேளுங்கள். ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அடையாற்றுக்குத்தான் போகிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு அந்த நீரும் ஒரு காரணம். தெருவில் பழைய வீடுகளின் காம்பவுண்டுச் சுவரில் வெள்ளக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். 2015-ல் எதுவரை, 2023 மிக்ஜாம் புயலில் எதுவரை தண்ணீர் நின்றது என்று இரண்டு மூன்று வீட்டிலாவது தனித்தனியாகக் கேளுங்கள். மனை விற்பவரிடம் கேட்பது வீண்.

இனி அளவு. தார் அல்லது சிமென்ட் ரோடு போட்டு முடிந்த தெருவில், ரோட்டின் நடுவிலிருந்து டைல்ஸ் மேல்மட்டம் வரை 3 அடி. மண் ரோடு என்றால் 4 அடி. வெள்ளக்கறை இருந்தால் அதற்கு மேலே ஒன்றரை அடி. இரண்டில் எது உயரமோ அதுதான் உங்கள் மட்டம். ஒப்பந்தத்தில் ‘பேஸ்மென்ட் 4 அடி’ என்று எழுத விடாதீர்கள். ‘மனைக்கு எதிரே ரோட்டின் நடுமட்டத்திலிருந்து, டைல்ஸ் பதித்து முடிந்த தரைவரை 4 அடி’ என்று எழுத வேண்டும். சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் போல அசையாத ஒன்றில் பெயிண்டால் கோடு போட்டு, அதிலிருந்து உங்கள் தரை எவ்வளவு உயரம் என்பதையும் எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். பாதி வேலையில் ரோடு உயர்ந்துவிட்டாலும் தகராறு வராது.

4 அடி என்றதும், வயதானவர்கள் எப்படி ஏறுவார்கள் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆறங்குலப் படி என்றால் எட்டுப் படி. ஆனால் 16 அடி நீளப் போர்டிகோவைக் கேட்டிலிருந்து உள்நோக்கி 10 அடிக்கு ஓரடி வீதம் சரிவாக ஏற்றினால், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலேயே அதில் ஏறிவிடலாம். மிச்சம் ஐந்து படிதான். காரும் அடி தட்டாமல் ஏறும். இந்தச் சரிவை மனைக்கு வெளியே ரோட்டில் கட்டுவது பெரிய தப்பு. வடிகாலை அடைக்கும், என்றைக்காவது இடித்தும் போடுவார்கள். கேட்டுக்கு உள்ளே குறுக்காக ஒரு கிரில் வடிகால் வையுங்கள்.

செலவையும் பார்த்துவிடுவோம். 800 சதுரடி கட்டடத்தில் ஓரடி கூடுதலாக நிரப்ப 800 கன அடி, அதாவது 8 யூனிட் மண். இடித்தால் அமுங்கும் என்பதால் 10 யூனிட் சொல்லுங்கள். கூடவே தூணும் பக்கச் சுவரும் ஓரடி நீளும். அவ்வளவுதான்.

நிரப்பும் விதம் தப்பினால் உயர்த்தியும் பயனில்லை. களிமண், இடித்த வீட்டு ரப்பிஷ் இரண்டையும் உள்ளே விடாதீர்கள். கிராவலை 6 முதல் 9 அங்குல அடுக்காகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடித்த பிறகுதான் அடுத்த அடுக்கு. மொத்தமாகக் கொட்டி மேலே தண்ணீர் பாய்ச்சினால் அடுத்த சில மழைக்குள் தரை இறங்கும், டைல்ஸ் தட்டினால் வெற்றொலி கேட்கும். பக்கவாட்டுச் சந்து, பின்சந்து இரண்டையும் சேர்த்து உயர்த்தி முன்பக்கம் சரிவு கொடுங்கள். அதை விட்டுவிட்டால் வீட்டுக்குப் பின்னால் குளம் நிற்கும்.

செப்டிக் டேங்கைப் பின்னால் கட்டுவது

பார்வைக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று பின்சந்தில் கட்டிவிடுகிறார்கள். பாதாளச் சாக்கடை தெருவில்தான் வரும். அன்றைக்கு 4 அங்குலக் குழாயைப் பின்னாலிருந்து முன்னால் 40 அடி கொண்டுவர வேண்டும். 40-க்கு 1 சரிவு என்றால் ஓரடி இறக்கம் அதிலேயே போகும். பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு அந்த இறக்கம் கிடைக்காது. மழையில் தெரு மேன்ஹோல் நிரம்பினால் கழிவு கீழ்த்தளக் கழிவறை வழியாக உள்ளே வரும். டேங்க்கை முன்பக்கம் கட்டி, எல்லாக் குழாயையும் இப்போதே முன்னோக்கி ஓட்டுங்கள். இணைப்பு கொடுக்கும் நாளில் கழிவு திரும்பி வராமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் போடுங்கள்.

சம்ப் மூடி

சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் வாய்க்குப் போர்டிகோ தரையைவிட அரை அடி உயர விளிம்பு கட்டுங்கள். சமமாக வைத்தால் முதலில் கெடுவது குடிநீர்தான்.

பஞ்சாயத்து அப்ரூவல்

மனைப்பிரிவுக்கு அப்படி ஒன்று கிடையாது. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் வேண்டும்.

வரன்முறை ஆகிவிடும் என்று நம்புவது

அனுமதியில்லாத மனைகளுக்குப் பின்னால் அங்கீகாரம் தரும் அந்தத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கானது. உங்கள் மனை எண்ணுக்கே வந்த உத்தரவைக் கையில் வாங்குங்கள்.

பவர் ஏஜெண்ட் கையெழுத்து

மனையின் சொந்தக்காரருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் (பவர்) பெற்றவர்தான் பவர் ஏஜெண்ட். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரணப் பவர் அன்றோடு முடிந்தது. அவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்று இல்லாமல் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள்.

போர்வெல் போடும் இடம்

செப்டிக் டேங்குக்கும் போர்வெல்லுக்கும் 50 அடி தூரம் சொல்வார்கள். 30-க்கு 40 மனையில் மூலைக்கு மூலையே 50 அடிதான். ஆகவே உங்கள் டேங்க்கை மட்டுமல்ல, பக்கத்து மனைக்காரரின் டேங்க் எந்த மூலை என்றும் கேட்டுவிட்டுப் புள்ளி வையுங்கள். மேல்மண் முழுவதற்கும் கேசிங் (துளையின் பக்கவாட்டைக் காக்கும் குழாய்) இறக்கி, அதைச் சுற்றிச் சிமென்ட் கலவை ஊற்றி அடைக்கச் சொல்லுங்கள்.

நாலு பக்கம் மட்டும் அளப்பது

30-க்கு 40 என்றால் மூலைவிட்டம் இரண்டும் சரியாக 50 அடி வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மனை கோணல். கட்டட வரைபடத்தில் பக்க இடைவெளி ஒரு மூலையில் இடிக்கும். பத்திரத்துக்கு முன்பே டேப்பைக் குறுக்காகவும் பிடித்துப் பாருங்கள்.